நலச் செய்திக்கு விலை தருபவர் யார்?

என் வாப்பா கொழும்பில் இரத்தினக் கல் வணிகம் செய்தவர்கள். புதிதாகக் கடை வைக்க வரும் உறவுக்காரப் பிள்ளைகளிடம் அவர்கள் முதலில் கேட்பது முதலீட்டைப் பற்றி அன்று. "கல்லைப் பார்க்கிறவன் யார், அணிகிறவன் யார், காசை எண்ணி வைக்கிறவன் யார்? மூவரும் ஒருவரா, மூன்று பேரா?" என்பார்கள். மூன்று பேராக இருந்தால் பேரம் முடிய நாளாகும், கடன் நிற்கும் என்பது அவர்களது அனுபவம். சென்னை மண்ணடியில் முப்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பேரேடுகளைப் புரட்டிய எனக்கு அந்த வினா பலமுறை பயன்பட்டிருக்கிறது. ஆயினும், என் லாத்தாவின் மகன் தொடங்கிய தொழிலுக்குப் பொருந்தியதைப் போல வேறெதற்கும் அது பொருந்தியதில்லை.

மருமகன் கணினிப் பொறியாளர். துபாயில் ஒன்பதாண்டுகள் பணியாற்றிவிட்டு 2021-இல் காயல்பட்டினம் திரும்பினார். திருநெல்வேலியில் சர்க்கரை நோய் மருத்துவராக இருக்கும் தம் பள்ளித் தோழருடன் சேர்ந்து, நோயாளிகளுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் தேவையான நலச் செய்திகளைத் தமிழில், இரண்டு நிமிடக் குரல் பதிவுகளாகக் கைப்பேசிக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 'ஸ்டார்ட்-அப்' என்று இளைஞர்கள் சொல்வது இதைத்தான். எழுத்தாக அன்றிக் குரலாக அனுப்புவதற்குக் காரணம் உண்டு. அறுபதைக் கடந்த நம் பெண்மணிகள் பலர் அரபுத் தமிழைச் சரளமாக ஓதுவார்கள். கைப்பேசித் திரையின் பொடி எழுத்தைப் படிக்க மாட்டார்கள்.

இந்த எண்ணத்திற்கு வித்திட்டது 2019-ஆம் ஆண்டு ரமளான். அவ்வாண்டு நோன்பு மே மாதக் கடும் வெயிலில் வந்தது. லாத்தா பன்னிரண்டு ஆண்டுகளாக இன்சுலின் போட்டு வருபவர்கள். வழக்கமாகக் காலையில் போடும் அதே அளவை ஸஹர் நேரத்தில் முழுமையாகப் போட்டுக்கொண்டார்கள்; உண்டதோ நாலு கவளம். லுஹர் தொழுகைக்குப் பிறகு உடல் வியர்த்து, நாக்குழறி, நினைவிழந்து விழுந்தார்கள். மருத்துவமனையில் இரத்தச் சர்க்கரை 38 என்று காட்டிற்று. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார்கள்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. 2001-இல் 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் 'எபிடயார்' எனும் ஆய்வு நடத்தப்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 விழுக்காட்டினர் அம்மாதத்தில் குறைந்தது 15 நாட்களேனும் நோன்பு நோற்றனர். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் நிலை, மற்ற மாதங்களைவிட அவர்களிடையே ஏழரை மடங்காக உயர்ந்திருந்தது. ரமளானில் எவர் நோன்பு நோற்கலாம், எவர் தவிர்க்க வேண்டும், மருந்தின் நேரமும் அளவும் எப்படி மாற வேண்டும் என்பனவற்றைப் பன்னாட்டு நீரிழிவு கூட்டமைப்பு 2016-இல் நெறிமுறைகளாக வெளியிட்டு, 2021-இல் திருத்தியது. நோன்பு நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பை முறித்துவிட வேண்டும் என்பதும், விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதும் அதில் உள்ளன. எல்லாம் ஆங்கிலத்தில்! லாத்தா வீட்டு அடுப்பங்கரைக்கு அதில் ஒரு வரியும் வந்து சேரவில்லை.

எனவே பொருள் தேவையானது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தேவையான பொருள் விலை போகும் என்று எண்ணித்தான் பலரும் தொழில் தொடங்குகிறார்கள். செய்தி என்னும் பண்டத்தில் ஒரு சிக்கல் இருப்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1962-இலேயே எழுதினார். வாங்குபவருக்கு அதன் மதிப்பு தெரிய வேண்டுமானால் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்லிவிட்டாலோ அவர் அதைக் காசில்லாமலே பெற்றுவிட்டார். இரத்தினக் கல்லை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். "ஸஹரில் முழு ஊசி போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள்" என்று சொன்னதைத் திரும்ப எடுத்துவைக்க வழியேது?

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருமகன் கணக்குப் புத்தகத்துடன் என்னிடம் வந்தார். துபாயில் சேர்த்த பணத்தில் 18 லட்சம் ரூபாய் போட்டிருந்தார். செலவில் எழுதுபவருக்கும் குரல் கொடுப்பவருக்கும் போனது சிறு பகுதியே. பெரும்பகுதி, ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே படித்துச் சரிபார்க்கும் இரண்டு மருத்துவர்களுக்குப் போயிற்று. நெறிமுறை மாறும்போதெல்லாம் பழைய செய்திகளைத் திரும்பச் சரிபார்க்கவும் வேண்டும். கல் பெட்டியில் கிடந்தால் கெடாது. மருத்துவச் செய்தி கெடும். இப்போது செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் தமிழில் எழுதித் தருகிறது. அதனால் எழுதும் செலவு குறைந்ததே தவிர, எழுதியது சரியா என்று பொறுப்பேற்றுக் கையொப்பமிடும் மருத்துவரின் செலவு குறையவில்லை. வரவுப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"மாமா, முதலில் ஆட்களைச் சேர்ப்போம். இலட்சம் பேர் கேட்கத் தொடங்கினால் பணம் தானாக வரும்" என்றார்.

இந்த வாசகத்தை நம்பி உலகறிய மூழ்கிய ஒரு நிறுவனத்தின் வரலாற்றை அவருக்கு எடுத்துச் சொன்னேன். எவரெட் கூப் என்பவர் 1982 முதல் 1989 வரை அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர். குழந்தைகள் அறுவை மருத்துவர். புகையிலை நிறுவனங்களுக்கு அஞ்சாமல் பேசியவர். எய்ட்ஸ் நோயைப் பற்றி மக்கள் வதந்திகளில் மருண்டிருந்த 1988-இல், அந்நாட்டின் வீடுதோறும் விளக்கக் கையேடு ஒன்றை அஞ்சலில் அனுப்பச் செய்தார். அவர் சொன்னால் மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை மூலதனமாக்கி, அவரது பெயரிலேயே 1998-இல் ஒரு நலச் செய்தி இணையதளம் தொடங்கப்பட்டது. 1999 ஜூனில் 9 டாலர் வீதம் பங்குகளை விற்று எட்டுக் கோடி டாலருக்கு மேல் திரட்டியது. சில வாரங்களில் பங்கின் விலை 40 டாலரைத் தாண்டியது. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. வருவாய்க்கு என்ன வழி? விளம்பரம், பொருள் விற்பனையில் பங்கு, மருத்துவமனைகளுடன் கூட்டு.

ஆட்களைச் சேர்க்கும் பொருட்டு, மற்றொரு பெரிய இணைய நிறுவனத்தின் பக்கங்களில் தன் செய்திகள் இடம்பெறுவதற்கு நான்காண்டுகளில் எட்டுக் கோடியே 90 லட்சம் டாலர் தருவதாக அது ஒப்பந்தம் செய்தது. வரவோ அதில் சிறு துளி. தணிக்கைக்காரன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த நிறுவனத்தை அரித்தது பணக்குறை மட்டுமன்று. நாட்டின் சிறந்த மருத்துவ நிலையங்கள் என்று தளத்தில் பட்டியலிடப்பட்டிருந்த பதினான்கு மருத்துவமனைகளும் அவ்விடத்தில் இடம்பெற ஆளுக்குச் சுமார் 40,000 டாலர் கொடுத்திருந்தன. அது விளம்பரம் என்று படிப்பவருக்குச் சொல்லப்படவில்லை. தளத்தின் வழி விற்கும் பொருள்களில் கூப்புக்கு 2 விழுக்காடு தரகும் ஏற்பாடாகியிருந்தது. 1999 செப்டம்பரில் நியூயார்க் நாளேடு இதை வெளியிட்டதும் ஒப்பந்தங்கள் மாற்றப்பட்டன. எனினும் மக்கள் மனத்தில் விழுந்த கறை விழுந்ததுதான். 2000-இல் அதன் தணிக்கையாளர்களே இந்நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பது ஐயம் என்று எழுதினர். 2001 டிசம்பரில் திவாலாயிற்று. மறு ஆண்டு, ஊட்டச்சத்து மாத்திரை விற்கும் ஒரு நிறுவனம் அந்தப் பெயரையும் தளத்தையும் 1,86,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஒரு நேர்மையான மனிதர் வாழ்நாளெல்லாம் ஈட்டிய பெயர் மாத்திரைக் கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

மருமகன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விளம்பரத்திலேயே வாழ்ந்தவர்களும் இருக்கிறார்களே, மாமா?" என்றார். உண்மை. 1996-இல் தொடங்கப்பட்ட வெப்எம்டி அதே புயலில் அடிபட்டும் கரையேறியது. 2017-இல் 280 கோடி டாலருக்கு விலைபோனது. அதை வாழவைத்தது மருந்து நிறுவனங்களின் விளம்பரப் பணம். அந்தப் பணத்திற்கும் ஒரு விலை இருந்தது. மனச்சோர்வு உள்ளதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாப் பட்டியல் ஒன்று, அந்நோய்க்கு மருந்து விற்கும் நிறுவனத்தின் பொருளுதவியில் அதில் இடம்பெற்றிருந்தது. எல்லா வினாக்களுக்கும் 'இல்லை' என்று விடையளித்தவரிடமும் 'உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பு இருக்கலாம்' என்ற பொருள்பட அது பேசியது. 2010-இல் இது அம்பலமாகி அமெரிக்க மேலவை வரை சென்றது.

இவற்றிற்கு நேர்மாறான வழியில் போனவர் பாஸ்டன் நகரச் சிறுநீரக மருத்துவர் பர்ட்டன் ரோஸ். 1992-இல் தம் துறைச் செய்திகளை மட்டும் நெகிழ்தட்டுகளில் பதிந்து விற்றார். 'அப்டுடேட்' என்று பெயர். அவர் நோயாளியிடம் விற்கவில்லை; மருத்துவரிடம் விற்றார். விளம்பரம் ஏற்பதில்லை என்பதை உறுதியாகக் கடைப்பிடித்து, சந்தாவிலேயே நடத்தினார். மருத்துவமனைகள் மொத்தமாகச் சந்தா கட்டத் தொடங்கின. 2008-இல் ஒரு டச்சுப் பதிப்பகம் அதை வாங்கியபின்னும் சந்தாதான் அதன் வாழ்வு. செய்தி தவறானால் இழப்பு எவருக்கு என்று பார்த்து, அவரிடம் போய் விலை கேட்டிருக்கிறார் அந்த மருத்துவர். வாப்பா இருந்திருந்தால் அவரைப் பாராட்டியிருப்பார்கள்.

மக்களிடமே கட்டணம் பெறலாகாதா என்றால், முயன்று பார்த்திருக்கிறார்கள். பங்களாதேசத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட 'ஆபொன்ஜன்' எனும் சேவை, கர்ப்பிணித் தாய்மாருக்குக் கைப்பேசியில் செய்தி ஒன்றுக்கு இரண்டு டாக்கா வசூலித்தது, வறியவர்களுக்கு இலவசம். நம் நாட்டில் 2013-இல் பீகாரில் 'கில்காரி' எனும் குரல் சேவை சிறு கட்டணத்தில் தொடங்கிற்று. 2016-இல் மத்திய அரசு அதை ஏற்று இலவசமாக்கியது. அமெரிக்காவிலும் தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் 'மெட்லைன்பிளஸ்' வழியாக விளம்பரமின்றி இலவசமாகவே செய்தி தருகிறது. அரசாங்கம் இலவசமாக வைத்த பந்தலுக்கு அருகில் தண்ணீர் விற்பது கடினம். ஆனால் ரமளானில் இன்சுலின் போடும் முறையைக் காயல்பட்டினத்து வழக்குத் தமிழில் சொல்லும் பந்தலை எந்த அரசும் இன்னும் வைக்கவில்லை.

வேறு ஒருவர் வேறொரு வழி சொன்னார். கேட்பவர் யார், என்ன நோய், எந்த மருந்து என்ற விவரங்களைத் தொகுத்து விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்தால் நல்ல விலை கிடைக்குமாம். மருந்து விலைத் தள்ளுபடி தரும் 'குட்ஆர்எக்ஸ்' நிறுவனம் பயனாளிகளின் நல விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றிற்குக் கொடுத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2023-இல் 15 லட்சம் டாலர் தண்டம் விதிக்கச் செய்தது. நம் நாட்டிலும் அதே ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் இருக்கட்டும், நோயாளி சொல்லும் நோய் அமானிதம். அதை விற்பதைப் பற்றி மருமகன் என்னிடம் பேசக்கூட இல்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

உண்மையான சோதனை அவ்வாண்டு ஆகஸ்டில் வந்தது. கையில் இரண்டு மாதச் செலவுக்கே பணம் இருந்தது. சர்க்கரையை 'வேரோடு நீக்கும்' பொடி ஒன்றை விற்கும் நிறுவனத்தார் வந்து, செய்திக்குமுன் பத்து விநாடி தங்கள் பொடியின் பெயரைச் சொன்னால் போதும், ஐந்து மாதச் செலவுக்கு ஈடான தொகையை முன்பணமாகத் தருகிறோம் என்றனர்.

"செய்தி தனி, விளம்பரம் தனி என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் என்ன மாமா?" என்று மருமகன் கேட்டபோது அவர் கண்ணில் உறக்கமின்மை தெரிந்தது. அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. மாதம் பிறந்தால் ஐந்து வீடுகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர் அவர். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தை எடுத்து முன்னால் வைத்தேன். குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் அட்டவணையில் நீரிழிவும் உண்டு. அதைவிட உறைத்தது அவருடைய மருத்துவத் தோழர் சொன்னது: "அந்தப் பொடியை நம்பி என் நோயாளி ஒருவர் ஊசியை நிறுத்தினால், உன் செய்தியில் என் குரல்தானே முன்னால் ஒலித்திருக்கும்?" பொடிக்காரர்கள் திரும்பிப் போனார்கள். போகும்போது, வேறு மூன்று இடங்களில் தங்கள் பணத்தை மறுக்கவில்லை என்று சொல்லிச் சென்றார்கள்.

மருமகனின் தங்கை தம் நகைகளைத் தருவதாகச் சொன்னார். எங்கள் ஊரில் வீடும் நகையும் பெண்மக்களுக்கு உரியவை. அதில் கை வைக்கலாகாது என்று லாத்தாவும் நானும் ஒரே குரலில் மறுத்தோம். உறவினர் இருவர் பணம் தர முன்வந்தனர். மாதந்தோறும் குறித்த தொகை வேண்டும் என்றதால் அதுவும் ஒத்துவரவில்லை. கொழும்பில் இருக்கும் ஒரு மச்சான் மட்டும் இலாபத்தில் பங்கு, நட்டம் முதல் போட்டவருக்கு என்ற முளாரபா முறையில் ஆறு லட்சம் கொடுத்தார். அது எங்களுக்கு மூச்சுவிட நேரம் தந்தது.

வழி கிடைத்தது மருத்துவத் தோழரின் சிகிச்சை நிலையத்தில்தான். ரமளான் நெருங்கினால் அங்குள்ள செவிலியர் இருவர் நாள் முழுதும் தொலைபேசியில் ஒரே கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பார்கள். விடை கிடைக்காதவர்கள் மருந்தைத் தாமாகவே குறைப்பார்கள், கூட்டுவார்கள். மறு பரிசோதனைக்கும் வரமாட்டார்கள். இழப்பு நிலையத்திற்கும் இருந்தது. எனவே நோயாளி ஒருவருக்கு மாதம் 30 ரூபாய் நிலையம் தருவது, நோயாளிக்குச் செய்தி இலவசம், பொதுச் செய்தி மட்டுமே சொல்வது, மருந்தின் அளவை அவரவர் மருத்துவரே முடிவு செய்வது என்று ஏற்பாடாயிற்று. தொலைவழி மருத்துவம் பற்றி 2020 மார்ச்சில் வந்த அரசு நெறிமுறைகளின்படி, பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே மருந்து எழுதித் தரலாம் என்பதால் அந்தக் கடைசி நிபந்தனையில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை.

மேலும் மூன்று நிலையங்கள் சேர்ந்தன. ஒப்பந்தத்தை நான் எழுதினேன். செய்தியின் தொடக்கத்தில் நிலையத்தின் பெயரைச் சொல்லலாம். செய்தியின் உள்ளே எந்த நிலையமும் கைவைக்கக் கூடாது என்பது ஏழாவது பிரிவு. ஒரு நிலையத்தார் தங்கள் ஆய்வுக்கூடத்தின் தள்ளுபடியைச் செய்தியின் முடிவில் சேர்க்கச் சொன்னார்கள். ஏழாவது பிரிவைக் காட்டியதும் விலகிக்கொண்டார்கள். நானூறு நோயாளிகளின் கட்டணம் ஒரே நாளில் போயிற்று. அந்த நோயாளிகளுக்குச் செய்தியும் நின்றுபோனது என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

நிலையக் கட்டணம் இப்போது செலவில் மூன்றில் இரண்டு பங்கை ஈடுசெய்கிறது. மீதிக்காக, மருத்துவமனைகள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்புகளைத் தமிழாக்கித் தரும் வேலையையும் எடுத்துச் செய்கிறார்கள். கட்டணம் தர இயலாத அரசு மருத்துவமனை நோயாளிகள் இருநூறு பேருக்கு, ஒரு ஜமாஅத்தின் பைத்துல்மால் பொறுப்பேற்றிருக்கிறது. இதைப் பெருக்கினால் என்ன என்று ஒரு பெரியவர் கேட்டார். 1906-இல் டில்லியில் ஹக்கீம் அப்துல் மஜீத் தொடங்கிய ஹம்தர்த் நிறுவனம் 1948-இல் வக்ஃபாக மாறி, மருந்து விற்ற இலாபத்தைக் கல்விக்கும் மருத்துவத்திற்கும் திருப்பியதை அவர் நினைவூட்டினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மருத்துவமனை வக்ஃபு வருவாயில்தான் நடந்தது என்றும் சொன்னார். பொருத்தமான எடுத்துக்காட்டுகளே. ஆனால் வக்ஃபுக்கு முதலில் வருவாய் தரும் சொத்து ஒன்று வேண்டும். எங்களிடம் இருப்பது சில நிலையங்களும் ஓர் ஒப்பந்தத் தாளும்.

செய்திகளைச் சரிபார்க்கும் மருத்துவர்கள் இருவரும் நான்காண்டுகளாக ஒரே தொகைக்கு உழைத்துவருகிறார்கள். இவ்வாண்டு அதைக் கூட்டித்தான் ஆக வேண்டும். 30 ரூபாயை 35 ஆக்கினால் நிலையங்கள் ஏற்குமா, அல்லது ஒன்றிரண்டு கழன்றுகொள்ளுமா என்பதைப் பற்றி அடுத்த வாரம் திருநெல்வேலியில் கூடிப் பேசவிருக்கிறோம். மருமகன் 33 என்கிறார். நான் 35-இல் நிற்கிறேன்.